கெர்னல் மெமரி பக்கைத் திருத்தியாயிற்று. ஆனால் பழைய கெர்னலிலும் டெஸ்ட் பாஸ் ஆகிறதே, ஏன்?

பின்னால் வந்து வாசிப்பவர்களுக்காகக் கேள்வியை ஒருதரம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொழும்பில் ஒரு சிறிய நிறுவனத்தில் பஸ்களில் பூட்டும் ஜிபிஎஸ் கருவி செய்கிறீர்கள். 32 பிட் ஆர்ம் போர்ட், லினக்ஸ் 5.10. உங்கள் டிரைவரில் ரீட் வந்து 200 மில்லிசெக்கன் கழித்து சென்சரின் மின்சாரத்தை நிறுத்த ஒரு டிலேய்ட் வேர்க் (கொஞ்சம் பொறுத்து ஓட்டும்படி கெர்னலிடம் ஒப்படைக்கும் வேலை) இருக்கிறது. டிவைஸ் ஃபைலை மூடும்போது டிரைவரின் தரவு இருக்கும் ஸ்ட்ரக்டை விடுவித்தீர்கள், நிலுவையில் கிடந்த அந்த வேர்க்கை நிறுத்தவில்லை. ஹைலெவல் வீதியில் ஓடும் பஸ்களில் இஞ்சினை நிறுத்தி எடுக்கும்போது எப்போதாவது கருவி உறைந்துபோனது. காரணத்தைப் பிடித்து, மூடும்போது ஓடும் ரிலீஸ் ஃபங்ஷனில் ஒரு வரி சேர்த்துத் திருத்தியும்விட்டீர்கள். இப்போது உங்கள் லீட் ரிக்ரெஷன் டெஸ்ட் (திருத்திய பிழை திரும்பி வந்தால் காட்டிக்கொடுக்கும் டெஸ்ட்) கேட்கிறார். திற, வாசி, மூடு, ஒரு செக்கன் பொறு, திரும்பவும் திற என்று இரவு முழுக்க ஓடும் புரோகிராம் எழுதினீர்கள். அது திருத்தம் போடாத கெர்னலிலும் பாஸ் ஆகிறது. "இப்படியான பக்குக்கு டெஸ்ட் எழுதவே ஏலாதா? ஒரு இரவு கேசான் ஓட்டிப் பார்த்துவிட்டு விட்டால் போதாதா?" என்று கேட்கிறீர்கள். (கேசான் என்பது தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டால் ரிப்போர்ட் எழுதும் கெர்னல் கருவி.)

நீங்கள் உண்மையில் கேட்பது, டெஸ்ட் பாஸ் என்று சொன்னால் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைத்தான். கெர்னலில் இது சின்னக் கேள்வி இல்லை. எழுத ஏலும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல வருடமாக இப்படியான போர்ட்களுக்கு டிரைவர் எழுதுவதும் மற்றவர்களின் பேட்ச்களைப் பார்ப்பதும்தான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் புரோகிராமில் பிழையில்லை. அது ஒவ்வொரு சுற்றிலும் பக்கைத் தூண்டியிருக்கிறது. நடந்ததைப் பார்க்கத்தான் அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

ஏன் என்று பார்ப்போம். நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீயைக் கூப்பிட்டால் அந்த நினைவகம் மறைந்துபோவதில்லை. கெர்னலில் நினைவகத்தைப் பங்கிடும் ஸ்லப் அலொகேட்டர் அதைத் தன் காலிப் பட்டியலில் சேர்த்து, அடுத்த காலி இடத்தைக் காட்டும் ஒரு பொயின்டரை அதற்குள் எழுதிவைக்கும், அவ்வளவுதான். மிச்சப் பைட்டுகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். நீங்கள் மூடி 200 மில்லிசெக்கன் கழித்து டைமர் அடிக்கிறது, வேர்க் ஓடுகிறது, பழைய ஸ்ட்ரக்டில் இருந்த முகவரிகளை எடுத்து சென்சரை நிறுத்துகிறது, "நிறுத்தியாயிற்று" என்று ஒரு ஃபீல்டில் எழுதுகிறது. எல்லாம் விடுவித்த நினைவகத்தில். உங்கள் மேசையில் இருக்கும் போர்ட்டில் வேறு வேலை ஒன்றும் ஓடவில்லை. அந்த 200 மில்லிசெக்கனுக்குள் அதே இடத்தை வேறு யாரும் கேட்கவில்லை. ஆகவே ஒன்றும் கெடவில்லை. பஸ்ஸிலோ மோடம், லொக் எழுதுதல், நெட்வேர்க் எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன. அந்த இடம் வேறொருவர் கைக்குப் போனபிறகு உங்கள் வேர்க் அதில் எழுதினால், உடைவது அவருடைய தரவு. பிழை ஒரு இடத்தில், சேதம் இன்னோர் இடத்தில், இடையில் எவ்வளவு நேரம் என்று கணக்கும் இல்லை. சேதம் வருமென்று காத்திருக்கும் டெஸ்ட் இதனால்தான் அதிர்ஷ்டத்தை நம்பி ஓடுகிறது.

எல்லை தாண்டி எழுதும் பக்குகளிலும் இதே கதைதான். சாதாரணக் கணினிகளின் எக்ஸ்86 இல், நினைவகம் தரும் கேமாலொக்கிடம் 13 பைட் கேட்டால் 16 பைட் அறை ஒன்றுதான் கிடைக்கும். 14 ஆவது, 15 ஆவது, 16 ஆவது பைட்டுகளில் எழுதினாலும் யாருக்கும் நோகாது. பிறகு ஒருநாள் யாரோ ஸ்ட்ரக்டை 16 பைட்டாக வளர்ப்பார். பல வருடமாக இருந்த பக் அன்றைக்குத்தான் பக்கத்து ஒப்ஜெக்டை உடைக்கும், பழி அவர் தலையில் விழும்.

எனவே மெமரி பக்குக்கான ரிக்ரெஷன் டெஸ்டில் இரண்டு பாதிகள் உண்டு: பிழையைத் தூண்டும் புரோகிராம் ஒன்று, விதி மீறப்பட்ட அந்தக் கணத்திலேயே சத்தம் போடும் கண்காணிப்பு மற்றது. முதற்பாதியை எல்லோரும் கவனமாக எழுதுகிறோம். இரண்டாவது பாதிதான் டெஸ்டின் பெறுமதியைத் தீர்மானிக்கிறது. அதை எந்தக் கொன்ஃபிக்கில் (கெர்னலை பில்ட் பண்ணும்போது போடும் தெரிவுகள்) ஓட்டவேண்டும் என்பதும் டெஸ்டின் ஒரு பகுதி. கோடுக்குப் பக்கத்தில் கொன்ஃபிக் துண்டையும் கொமிட் செய்யவேண்டும்.

கண்காணிப்பு என்றதும் எல்லோருக்கும் கேசான் ஞாபகம் வரும். நல்ல கருவி, 2015 இல் வந்த 4.0 முதல் லினக்ஸில் இருக்கிறது. ஆனால் உங்கள் நிலைமையில் ஒரு தடை இருக்கிறது: 32 பிட் ஆர்முக்குக் கேசான் வந்தது 5.11 இல். உங்களிடம் இருப்பது 5.10. அதே வகைக் கருவியான கேஃபென்ஸ் வந்தது 5.12 இல். அதாவது, வெளியிலிருந்து பேட்ச் எடுத்து ஒட்டாமல் இரண்டையும் உங்கள் போர்ட்டில் ஓட்ட ஏலாது. அதனால் மனம் தளரவேண்டாம். உங்கள் பக்குக்குக் கேசானைவிடப் பொருத்தமான ஒன்று 2008 முதல் கெர்னலில் இருக்கிறது: டிபக் ஒப்ஜெக்ட்ஸ். தோமஸ் கிளைக்ஸ்னர் எழுதியது. டைமர், வேர்க் போன்றவை எப்போது தொடங்கின, எப்போது முடிந்தன என்று அது தனியே ஒரு பதிவு வைத்திருக்கும். டிபக்_ஒப்ஜெக்ட்ஸ், டிபக்_ஒப்ஜெக்ட்ஸ்_ஃப்ரீ, டிபக்_ஒப்ஜெக்ட்ஸ்_டைமர்ஸ், டிபக்_ஒப்ஜெக்ட்ஸ்_வேர்க் ஆகிய நான்கையும் கொன்ஃபிக்கில் போட்டால், ஒவ்வொரு கேஃப்ரீயிலும் "இந்த நினைவகத்துக்குள் இன்னும் உயிருடன் இருக்கும் டைமர் உண்டா?" என்று பார்க்கும். இருந்தால் அங்கேயே எச்சரிக்கை எழுதும். "ஓடிபக்: ஃப்ரீ ஆக்டிவ்" என்று தொடங்கும் வரி, கீழே யார் விடுவித்தார் என்ற ஸ்டாக்.

இதில் எவ்வளவு இலாபம் என்று பாருங்கள். 200 மில்லிசெக்கன் காத்திருக்கத் தேவையில்லை. வேறு யாராவது அந்த நினைவகத்தை எடுக்கவேண்டும் என்றும் தேவையில்லை. திற, வாசி, உடனே மூடு. ஒரே ஒரு சுற்று. திருத்தம் இல்லையென்றால் எச்சரிக்கை ஒவ்வொரு தடவையும் வரும், இருந்தால் வராது. வாசித்ததற்கும் மூடியதற்கும் இடையில் 200 மில்லிசெக்கனைத் தாண்டாமல் இருந்தால் சரி. ஓர் இரவு ஓடியும் ஒன்றும் சொல்லாத டெஸ்ட், ஒரு செக்கனுக்குள் திட்டவட்டமாகப் பதில் சொல்லும். நேரத்தோடு ஓடிப்பிடிக்கும் பிழையாகத் தெரிவது உண்மையில் எந்த விதியை மீறுகிறது என்று கண்டுபிடித்து, அந்த விதியைக் காவல் காக்கும் கருவியைத் தெரிவுசெய்யுங்கள். இங்கே விதி, "உயிருடன் இருக்கும் டைமரைச் சுமந்த நினைவகத்தை விடுவிக்காதே". அது மீறப்படுவது கேஃப்ரீயில். டைமர் அடிக்கும்போது அல்ல.

ஒரு விஷயத்தில் கவனம். டிபக் ஒப்ஜெக்ட்ஸ் எச்சரிக்கை எழுதுவதோடு நிற்காது. அந்த டைமரைத் தானே நிறுத்திச் சேதத்தைத் தவிர்க்கவும் பார்க்கும். ஆகவே கெர்னல் விழாது, புரோகிராம் நல்லபடி முடிந்து பூச்சியத்தைத் திருப்பித் தரும். கெர்னல் விழுந்ததா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட், கண்காணிப்பைப் போட்ட பிறகு முன்னையைவிட உறுதியாகப் பொய் சொல்லும். எனவே டெஸ்ட் தொடங்கும்போது ப்ரொக்கில் உள்ள டெயின்டட் எண்ணை (கெர்னலில் இதுவரை என்ன கோளாறு வந்தது என்று குறித்துவைக்கும் எண்) வாசியுங்கள், முடியும்போது திரும்பவும் வாசியுங்கள். கெர்னல் எச்சரிக்கை வந்திருந்தால் 512 சேர்ந்திருக்கும். கேசான் ரிப்போர்ட் வந்திருந்தால் 32. இந்த எண் ரீபூட் வரைக்கும் அழியாது. ஆகவே தொடக்கத்திலேயே அந்த பிட் ஏறியிருந்தால் டெஸ்ட் "பாஸ்" என்று சொல்லாமல் "தீர்மானிக்க முடியவில்லை" என்று சொல்லி நிற்கவேண்டும். எல்டிபி (லினக்ஸ் டெஸ்ட் ப்ரொஜெக்ட்) டெஸ்டுகளில் இதற்கென்று டெயின்ட் செக் வசதியே இருக்கிறது. டெஸ்டுக்கென்றே ஒரு கெர்னலை பூட் பண்ணுவீர்களென்றால் எச்சரிக்கை வந்ததுமே கெர்னலை விழுத்தும் பேனிக்_ஒன்_வோர்ன் போட்டுவிடுவது இன்னும் நேரான வழி.

அடுத்தது, திருத்தத்தை நீக்கிவிட்டு டெஸ்ட் விழுகிறதா என்று பார்ப்பது. இதை எல்லோரும் சொல்வார்கள், நீங்களும் செய்திருக்கிறீர்கள். அதனால்தான் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்தது. நான் கேட்பது அதைவிட ஒரு படி கூட. திருத்தத்தை முழுதாக நீக்காமல், அரைகுறையாக்கிப் பாருங்கள். நீங்கள் போட்ட வரி கேன்சல்_டிலேய்ட்_வேர்க்_சிங்க் என்று நினைக்கிறேன். நாளைக்கு ஒருவர், மூடுவதற்கு நேரம் எடுக்கிறது என்று அந்த "சிங்க்" ஐ எடுத்துவிட்டால் என்ன ஆகும்? சிங்க் இல்லாத வடிவம் நிலுவையில் உள்ள டைமரை நிறுத்தும், ஆனால் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்ட வேர்க் முடியும்வரை காத்திருக்காது. வேர்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்ட்ரக்ட் போய்விடும். பக் பாதி திரும்பி வந்துவிட்டது. மேலே சொன்ன டெஸ்டோ பாஸ் ஆகும், ஏனென்றால் டைமர் உயிருடன் இல்லை. வேர்க்கும் ஓடத் தொடங்கும் முன்பே "உயிருடன் இல்லை" என்று பதிவாகிவிடுகிறது. டிபக் ஒப்ஜெக்ட்ஸுக்கு இதைக் காண வழியில்லை.

இந்தப் பாதிக்குத்தான் கேசான் வேண்டும். அதற்கு உங்கள் போர்ட் தேவையில்லை. யூனிட்டி பிளாசாவில் வாங்கக்கூடிய சாதாரண லேப்டொப் ஒன்றில் கியூஎமு (மென்பொருளிலேயே ஒரு கணினியை ஓட்டும் கருவி) போட்டு, அதே 5.10 ஐ 64 பிட் ஆர்முக்கோ எக்ஸ்86 க்கோ பில்ட் பண்ணினால் கேசான் வந்துவிடும். சென்சர் அங்கே இல்லை. ஆகவே வன்பொருளைத் தொடும் ஃபங்ஷனை ஒரு பொயின்டர் வழியாகக் கூப்பிடும்படி டிரைவரைச் சற்றுப் பிரித்து, கேயூனிட் (கெர்னலுக்குள்ளேயே டெஸ்ட் ஓட்டும் வசதி) டெஸ்டில் போலி ஃபங்ஷன் ஒன்றைக் கொடுங்கள். கேயூனிட் 5.5 முதல் இருக்கிறது. அந்தப் போலி 50 மில்லிசெக்கன் தூங்கிவிட்டுத் திரும்பட்டும். டெஸ்ட் வேர்க்கைத் தாமதமின்றி வரிசையில் போடும், 10 மில்லிசெக்கன் பொறுக்கும், பிறகு ரிலீஸைக் கூப்பிடும். சிங்க் இருந்தால் ரிலீஸ் 40 மில்லிசெக்கன் அளவில் காத்திருந்துதான் விடுவிக்கும், ஒன்றும் நடக்காது. சிங்க் இல்லையென்றால் ஸ்ட்ரக்ட் உடனே போய்விடும், போலி விழித்தெழுந்ததும் வேர்க் விடுவித்த நினைவகத்தில் எழுதும், கேசான் பிடித்துவிடும். தூக்கத்துக்குப் பதிலாக "ரிலீஸ் முடிந்ததும் எழுப்பு" என்று கம்ப்ளீஷன் வைத்து எழுதத் தோன்றும். அப்படிச் செய்யவேண்டாம். சரியான திருத்தம் இருக்கும்போது ரிலீஸ் வேர்க்குக்காகக் காத்திருக்கும், வேர்க் ரிலீஸுக்காகக் காத்திருக்கும், இரண்டும் அப்படியே நின்றுவிடும்.

கேசான் எப்படிப் பிடிக்கிறது என்பதையும் ஓரளவு விளங்கிவைத்திருப்பது நல்லது, ஏனென்றால் அதன் குருட்டு இடங்கள் அதில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு நிழல் பைட். ஆகவே நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கு அதற்கே போகும். முன்னே சொன்ன 13 பைட் ஒப்ஜெக்டுக்கு முதல் நிழல் பைட் 00, அதாவது எட்டும் தொடலாம். இரண்டாவது 05, முதல் ஐந்து மட்டும். 14 ஆவது பைட்டைத் தொட்டாலே ரிப்போர்ட். விடுவித்த ஒப்ஜெக்ட்களை உடனே திருப்பிக் கொடுக்காமல் கொஞ்சநேரம் தனியே அடைத்து வைத்திருக்கும். அந்த நேரத்துக்குள் தொட்டால் அகப்படும், அதிலிருந்து வெளியே போய் வேறொருவருக்குக் கிடைத்தபிறகு தொட்டால் அகப்படாது. புதிய ஆர்ம் சிப்களின் வன்பொருள் டேக்கை நம்பி ஓடும் வடிவம் 16 பைட் துண்டாகத்தான் பார்க்கும். 13 க்குப் பதில் 14 எழுதினால் அதற்குத் தெரியாது. ஒரு பைட் தாண்டும் பக்குக்கு டெஸ்ட் எழுதுகிறவர், மேலே சொன்ன 8 பைட்டுக்கு ஒரு நிழல் பைட் வைக்கும் ஜெனரிக் வடிவத்தையே ஓட்டவேண்டும்.

கேயூனிட்டில் இன்னுமொரு பொறி இருக்கிறது. டெஸ்ட் ஓடும் த்ரெட்டிலேயே கேசான் ரிப்போர்ட் வந்தால் புதிய கெர்னல்கள் அந்த டெஸ்டைத் தோல்வி என்று குறித்துவிடும். உங்கள் பிழை நடப்பது வேர்க்கியூவின் த்ரெட்டில். கேயூனிட்டுக்கு அது தெரியாது, பாஸ் என்றே எழுதும். எனவே இங்கேயும் டெயின்ட்டைப் பார்க்கவேண்டும், அல்லது பேனிக்_ஒன்_வோர்ன். அதோடு, கேசான் இயல்பாக முதல் ரிப்போர்ட்டை மட்டும் எழுதிவிட்டு அதன்பின் மௌனமாகிவிடும். நீங்கள் கேட்ட "ஒரு இரவு கேசான் ஓட்டினால் போதாதா" என்பதற்குப் பதிலின் ஒரு பகுதி இதுதான்: இரவு எட்டு மணிக்கு யாருடையதோ சின்னப் பிழை ஒன்றில் ரிப்போர்ட் வந்துவிட்டால், விடியும்வரை நடந்த மற்றதெல்லாம் யாரும் பார்க்காமல் போனவை. மல்டி ஷொட் போட்டு இதை மாற்றலாம். ஆனால் மல்டி ஷொட் போட்டால் 5.10 இல் கேசான் பேனிக் ஆகாது, ஆகவே இரண்டில் எது வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். பதிலின் மற்றப் பகுதி இன்னும் எளிது. இன்றிரவு ஓட்டுவது இன்றைய கோடுக்குச் சாட்சி. ஆறு மாதம் கழித்து யாரோ அந்த வரியைத் தொடும் நாளில் ஓடவேண்டியதுதான் ரிக்ரெஷன் டெஸ்ட்.

அந்த நாள் வருமா என்று சிலர் கேட்பார்கள். வந்திருக்கிறது, அதுவும் லினக்ஸின் மையத்திலேயே. 2016 இல் டர்ட்டி கவ் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஓட்டை, வாசிக்க மட்டும் உரிமையுள்ள இடத்தில் எழுதவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2016-5195. அதன் திருத்தத்தின் கொமிட் செய்தியில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்: இது மிகப் பழைய பக், பதினொரு வருடம் முன்பு தானே ஒருதரம் திருத்தப் பார்த்தது, எஸ்390 (ஐபிஎம் மெயின்ஃபிரேம்) இல் வந்த சிக்கலால் அந்தத் திருத்தம் பிறகு நீக்கப்பட்டது என்று. 2005 இல் ஒரு திருத்தம், அது போனபோது சத்தம் போட ஒன்றும் இல்லை. 2016 இன் திருத்தத்திலும் பெரிய நினைவகப் பக்கங்களின் பாதையில் ஒரு ஓட்டை மிஞ்சி, 2017 இல் சிவிஇ-2017-1000405 ஆக வந்தது. 2022 இல் பகிர்வு நினைவகத்துக்கு மட்டும் அதே வகைப் பிழை சிவிஇ-2022-2590 ஆகத் திரும்பியது. இன்றைக்கு எல்டிபியில் டர்ட்டி கவ்வுக்கு ஒரு டெஸ்டும் 2022 இன் வடிவத்துக்குத் தனியாக இன்னொன்றும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் எந்தக் கொமிட் அதைத் திருத்துகிறது, எந்த சிவிஇ என்று குறிப்பு. டெஸ்ட் விழுந்தால் அதுவே திரையில் வரும். உங்கள் டெஸ்டிலும் அப்படி ஒரு குறிப்பு வையுங்கள். விழுந்த டெஸ்டைப் பார்ப்பவர் பக்கத்து மேசைக்கு வந்து சேர்ந்த புதியவராக இருக்கலாம். எந்தக் கொமிட்டைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு டெஸ்டே சொல்லவேண்டும்.

டர்ட்டி கவ்வை இழுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேசானுக்கு அது தெரியவே தெரியாது. அங்கே விடுவித்த நினைவகமும் இல்லை, எல்லை மீறலும் இல்லை. தொட்ட ஒவ்வொரு பைட்டும் முறையானது, எழுத உரிமை மட்டும்தான் இல்லை. 2022 இன் டர்ட்டி பைப்பும் அப்படியே: பைப்பின் ஒரு ஃப்ளாக் ஃபீல்டைத் தொடக்கத்தில் துடைக்காமல் விட்டதால் வந்தது. இந்த வகைக்கு விளைவைப் பார்க்கும் டெஸ்ட்தான் சரி. வாசிக்க மட்டும் அனுமதியுள்ள ஃபைலொன்றை வைத்து, பக்கைத் தூண்டிவிட்டு, ஃபைலின் உள்ளடக்கம் மாறியதா என்று பார்க்கவேண்டும். ஆகவே "எல்லா மெமரி பக்குக்கும் கேசான்" என்ற சூத்திரம் வேலைசெய்யாது. முதலில் பக்கின் வகையைத் தீர்மானியுங்கள், பிறகு காவலைத் தெரிவுசெய்யுங்கள்.

நினைவகக் கசிவுக்கு, அதாவது எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் விடும் பிழைக்கு, டெஸ்ட் எழுதுவதைப் படிக்க எனக்குப் பிடித்த இடம் எம்ஐடி தன் பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6. சின்னக் கெர்னல், கம்பஸில் ஓஎஸ் படித்தவர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் யூசர்டெஸ்ட்ஸில் பேட்ஆர்க் என்று ஒரு ரிக்ரெஷன் டெஸ்ட் இருக்கிறது: பிழையான முகவரியை ஆர்கியுமென்டாகக் கொடுத்து, புதிய புரோகிராமை ஏற்றும் எக்ஸெக்கை 50,000 தடவை கூப்பிடும். ஏன் அத்தனை? எக்ஸ்வி6 இன் முழு நினைவகம் 128 மெகாபைட், 4096 பைட் பக்கங்களாக 32,768. ஒவ்வொரு தோல்வியிலும் ஒரு பக்கம் கசிந்தாலும் 50,000 க்குள் நினைவகம் தீர்ந்தே ஆகவேண்டும். கணக்குப் போட்டு எழுதின எண். அதோடு எல்லா டெஸ்டுக்கும் முன்னும் பின்னும் காலிப் பக்கங்களை எண்ணி, குறைந்திருந்தால் தோல்வி என்று சொல்லும். விடுவிக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் குப்பைப் பெறுமதியால் நிரப்பும், பழைய பொயின்டரை வைத்திருப்பவர் கெதியாக விழட்டும் என்று. சில நூறு வரிக்குள் இந்த விஷயத்தின் சாரம் முழுக்க இருக்கிறது. லினக்ஸில் கேமெம்லீக் இந்த வேலைக்கு உண்டு. ஆனால் 5 செக்கனாவது வயதான ஒப்ஜெக்ட்டைத்தான் அது சொல்லும், பொய்யான புகாரும் தரும். முதலில் பழையதைத் துடைத்து, பாதையை நூற்றுக்கணக்கில் ஓட்டி, சற்றுப் பொறுத்து, இரண்டு தடவை ஸ்கேன் பண்ணுங்கள். ஒன்றிரண்டு புகார்களை விட்டுவிடலாம்; ஓட்டின தடவைக்கேற்ப எண்ணிக்கை ஏறினால் அது கசிவுதான்.

அலொகேஷன் தோல்வியடையும் பாதைகளுக்குக் கெர்னலின் ஃபோல்ட் இன்ஜெக்ஷன் இருக்கிறது. ஃபெயில்-என்த் என்ற ஃபைலில் எண்ணை எழுதினால் அந்த த்ரெட்டின் அத்தனையாவது அலொகேஷன் தோற்கும். 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டு, இன்ஜெக்ஷன் நடக்காத எண் வரும்வரை ஓட்டினால் உங்கள் ஓப்பன் ஃபங்ஷனின் ஒவ்வொரு தோல்விப் பாதையும் ஒருதரம் நடந்துவிடும். சாதாரணப் பாவனையில் அந்தப் பாதைகளை யாரும் தொடுவதில்லை, பிழைகள் தங்கியிருப்பது அங்கேதான். இதற்கு அரை நாள் செலவழியுங்கள்.

இனி நிச்சயமில்லாத பக்கம். எவ்வளவு முயன்றும் ஒரு பந்தயப் பிழையை (இரண்டு வேலைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் பிழை) ஒவ்வொரு தடவையும் விழும்படி ஆக்க முடியாமல் போகலாம். அப்போது டெஸ்ட் ஒரு நிகழ்தகவு. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்குப் போடவேண்டும். திருத்தம் இல்லாத கெர்னலில் 20 க்கு ஒருதரம்தான் விழுகிறது என்றால், 95 வீதம் நம்பிக்கைக்கு 59 தடவை ஓட்டவேண்டும். 99 வீதத்துக்கு 90. அந்த 20 க்கு ஒன்று என்பதும் அந்த மெஷினில், அந்தக் கொன்ஃபிக்கில் அளந்தது. வேறு மெஷினில் திரும்ப அளக்கவேண்டும். எல்டிபியின் ஃபஸ்ஸி சிங்க் இரண்டு த்ரெட்டுகளின் நேரத்தை மெல்ல மெல்ல நகர்த்திப் பந்தயச் சாளரத்தைத் தேடும். கண்ணை மூடிக்கொண்டு லூப் போடுவதைவிட எவ்வளவோ மேல். அதன் முடிவும் நிகழ்தகவுதான். சிஸ்டம் கோல்களை மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பிழை தேடும் சிஸ்காலர் தரும், பிழையைத் திரும்ப வரவைக்கும் சீ ரீப்ரொடியூசர்களும் அப்படியே. அவற்றை அப்படியே டெஸ்டாக வைப்பதைப் பார்க்கிறேன், எனக்கு உடன்பாடில்லை. எந்த வரி எதற்கு என்று யாருக்கும் தெரியாது, பக்குக்குச் சம்பந்தமில்லாத சிஸ்டம் கோல் ஒன்று மாறினாலே தூண்டுவது நின்றுபோகும், அது யார் கண்ணிலும் படாது. ரீப்ரொடியூசரை வாசித்துக் காரணத்தைப் பிடியுங்கள். டெஸ்டைக் காரணத்துக்கு எழுதுங்கள்.

டெஸ்ட் விழுந்தால் பிழை இருக்கிறது. கேமெம்லீக்கைத் தவிர மேலே சொன்ன கருவிகளில் இதை நான் தயங்காமல் சொல்வேன். டெஸ்ட் பாஸ் ஆனால், இந்தப் பாதையில், இந்தக் கொன்ஃபிக்கில், இந்த விதி மீறப்படவில்லை என்று மட்டும்தான் சொல்லலாம். நினைவக வரிசை (எழுதியவையும் வாசித்தவையும் மற்றக் கோர்களுக்கு எந்த ஒழுங்கில் தெரியும் என்பது) சம்பந்தமான பிழையென்றால் எக்ஸ்86 கியூஎமுவில் பாஸ் ஆனது உங்கள் ஆர்ம் போர்ட்டுக்கு எந்த உத்தரவாதமும் தராது; எக்ஸ்86 ஆர்மைவிட இறுக்கமாக வரிசை காக்கும். லீட்டிடம் ஒப்படைக்கும்போது இதையும் இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள்.

செலவைப் பற்றி யோசிப்பீர்கள். கேசான் கெர்னல் இரண்டு மூன்று மடங்கு மெதுவாக ஓடும், நினைவகமும் கூட எடுக்கும். அதை பஸ்ஸுக்கு அனுப்பப்போவதில்லையே. ஒவ்வொரு பேட்சுக்கும் கியூஎமுவில் கேயூனிட் டெஸ்ட், சில நிமிடம். இரவில் ஒருதரம் மேசையில் இருக்கும் போர்ட்டில் டிபக் ஒப்ஜெக்ட்ஸ் கெர்னல். அதே கெர்னலில் பூட் வரியில் ஸ்லப்_டிபக் ஐ எஃப், இசட், பி எழுத்துகளோடு போட்டுவிடுங்கள். விடுவித்த ஒப்ஜெக்டை அது 6பி என்ற பைட்டால் நிரப்பும். பிறகு ஏதாவது விழுந்து ஊப்ஸ் (கெர்னல் எழுதும் பிழை அறிக்கை) வந்தால் ரெஜிஸ்டர்களில் 6பி6பி6பி6பி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் யாரோ விடுவித்ததைத் தொட்டிருக்கிறார்.

ரிலீஸ் ஃபங்ஷனை நான் பார்க்கவில்லை, ஆகவே ஒன்றை மட்டும் உங்களிடமே விடுகிறேன். வேர்க் ஃபங்ஷன் தன்னையே திரும்ப வரிசையில் போடுகிறதா? ரீட், மூடுவதோடு ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வழி ஏதும் இருக்கிறதா, உதாரணமாக சிஸ்ஃபெஸ் (டிரைவரின் விவரங்களை ஃபைல்களாகக் காட்டும் இடம்) வழியாக? இருந்தால், கேன்சல் முடிந்ததற்கும் கேஃப்ரீக்கும் இடையில் வேர்க் திரும்ப உயிர்பெறலாம். சிங்க் இருந்தும் அது போதாது, "மூடிக்கொண்டிருக்கிறேன்" என்ற ஒரு ஃப்ளாக்கைப் பூட்டுக்குள் வைத்துப் பார்க்கவேண்டும். ரிலீஸ் ஃபங்ஷனையும், திருத்தத்தை நீக்கி ஓட்டும்போது வரும் ஓடிபக் எச்சரிக்கையின் முதல் முப்பது வரியையும் இங்கே ஒட்டுங்கள். இந்த இடைவெளிக்கென்று மூன்றாவது டெஸ்ட் ஒன்று உங்களுக்குத் தேவையா என்று அதைப் பார்த்துச் சொல்லலாம்.